பழைய காருக்குப் பழைய இன்ஜின்தான்

கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பழைய கார் பாகங்களுக்குப் பெயர்போனது. கதவு, பம்பர், கியர்பாக்ஸ் என எல்லாமே ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றியவை. ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு அம்பாசடரைப் பிழைக்க வைக்க, பல சமயம் இன்னொரு அம்பாசடரைத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். அம்பாசடரின் தோற்றம் பல்லாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. இன்ஜின் மாறியது. 1,489 சி.சி. இன்ஜினுடன் ஓடிய காருக்கு, பின்னாளில் 1,800 சி.சி. இசுசு இன்ஜினும் வந்தது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜினுக்கு மாறியவர்களும் உண்டு.

அந்தச் சிக்கனம் இப்போது காலை வாருகிறது. மத்திய அரசின் 2021 விதிப்படி, 50 வயதைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு 'விண்டேஜ்' பதிவு உண்டு. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள், 10 ஆண்டு அனுமதி. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது.

ஆகவே, ஓடினால் போதும் என்று நினைக்கிறவர் இந்த விண்டேஜ் விதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 'வி.ஏ.' எழுத்துகளுக்கு ஆசைப்படுகிறவரோ, தன் கார் பிறந்த காலத்து இன்ஜினைத்தான் கடை கடையாகத் தேட வேண்டும்.