பழைய சைக்கிளில் மாமல்லபுரம்

சைக்கிளில் நெடுந்தூரம் செல்ல விலையுயர்ந்த கியர் வண்டி வேண்டும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அபிராமபுரத்திலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 50 கி.மீ. அடையாறு, திருவான்மியூர், முட்டுக்காடு வழியாகச் செல்லும் இப்பாதை பெரும்பாலும் சமதளம். கியர் மிகுதியும் உதவுவது மேடேறும்போதுதான். வீட்டிலுள்ள பழைய வண்டியே போதும்.

அப்படியானால் கால்கள் எதனுடன் போராடுகின்றன? முதலாவது, டயரின் உருளும் உராய்வு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. புறப்படுமுன் நன்றாகக் காற்றடிப்பதைவிட மலிவான வழி வேறில்லை!

இரண்டாவது, காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கையில் 10 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசுவதாகக் கொள்வோம். உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் 25 கி.மீ. ஆகிறது; தடையோ ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் தடை ஒன்பதில் ஒரு பங்குதான்.

ஜனவரியில் இங்கு பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். போகும்போது வண்டி தானே ஓடுவது போலிருக்கும். திரும்பும்போதுதான் தெரியும் சேதி! பாதிக்கு மேற்பட்ட தெம்பைத் திரும்புவதற்கென மிச்சம் வையுங்கள். கோடைப் பிற்பகலில் தென்கிழக்குக் கடற்காற்று வீடு திரும்புவோருக்குத் துணை செய்யும். ஆனால் அந்த வெயிலை யார் தாங்குவது?

மூட்டையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள். பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், கட்டுச்சோறு இருந்தால் சரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் மிக வேகமாக வரும். ஆகவே பெரியவர் ஒருவருடன், விடிந்ததும் புறப்படுங்கள். முதல் தடவை, ஏறத்தாழ பாதி வழியிலுள்ள முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பலாம்.