கட்டம் தப்பினால் கடலுக்குள்!

1991, ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரருகே, ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடையின் பிரமாண்ட கான்கிரீட் அடித்தளத்தைக் கடலில் மெல்ல அமிழ்த்திச் சோதித்தார்கள். திடீரென உள்சுவர் பிளந்து, மொத்தமும் மூழ்கி நொறுங்கியது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

காரணம், கம்ப்யூட்டரில் போட்ட கட்டங்கள்! எந்தக் கட்டுமானத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இதற்கு ‘மெஷ்’ என்று பெயர். சுவர்கள் கூடும் இடத்தில் கட்டங்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்ததால், சுவரை வெட்டும் விசையை 47 சதவிகிதம் குறைத்துக் காட்டியது. அதை நம்பிக் கட்டிய சுவர், நீரின் அழுத்தத்தைத் தாங்கவில்லை.

விபத்துக்குப் பிறகு மெஷ்ஷை நுணுக்கமாக மறுபடி போட்டார்கள். ‘62 மீட்டர் ஆழத்தில் உடையும்’ என்றது கணக்கு. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்!

இதே கணக்கை முன்பே போட்டிருந்தால்..?