கமிகாட்சு: எஞ்சிய 20 சதவீதத்தின் கணக்கு

ஜப்பானின் ஷிகோகு தீவில், டோகுஷிமா மாநிலத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் கமிகாட்சு என்ற சிற்றூரின் பரப்பளவு 109.63 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் 1,380 பேர். சதுர கிலோமீட்டருக்கு 12.6 பேர், ஜப்பானின் சராசரி ஏறத்தாழ 334 பேர். இந்த 1,380 பேரும் ஒரே இடத்தில் வாழவில்லை. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் 55 குடியிருப்புகளில், சராசரியாக ஒன்றுக்கு 25 பேர் என்ற அளவில் வாழ்ந்தார்கள். இந்த அடர்த்தியில் வீடு வீடாகக் குப்பை வண்டி அனுப்புவது எந்த உள்ளாட்சிக்கும் கட்டுப்படியாகாது. கமிகாட்சுவில் குப்பை வண்டி கிடையாது. குடும்பங்களே ஹிபிகதானியில் உள்ள ஒரே சேகரிப்பு நிலையத்துக்குக் கழிவைக் கொண்டுவருகின்றன. வாகனமில்லாத முதியோருக்கு மட்டும் 2 மாதங்களுக்கு ஒருமுறை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் ஏற்பாடு உண்டு.

எரிப்பதை நிறுத்த இந்த ஊர் எடுத்த முடிவுக்கு முதற்காரணம் பணம்தான். 1990களின் இறுதிவரை கழிவு திறந்தவெளியில் எரிக்கப்பட்டது. 1998இல் 2 சிறிய எரியுலைகள் நிறுவப்பட்டன. 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டையாக்சின் நச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வரம்புக்குள் அவை அடங்கவில்லை. 2001 தொடக்கத்திற்குள் இரண்டும் மூடப்பட்டன. ஏறத்தாழ 3 ஆண்டுகளே உழைத்த முதலீடு அது. புதிய உலை கட்டவோ, எல்லாவற்றையும் வெளியூருக்கு அனுப்பி எரிக்கவோ வசதியில்லாத ஊருக்கு, பிரித்து விற்பதும் பிரித்துக் கொடுப்பதுமே மலிவான வழியாக எஞ்சியது.

பிரிப்பு வகைகளின் எண்ணிக்கை 1997இல் 9, 1998இல் 22, 2001இல் 35. பிறகு 34 ஆகி, 2016இல் 45ஐ எட்டியது. முதல் 4 ஆண்டுகளில் 26 வகைகள் கூடின. அடுத்த 15 ஆண்டுகளில் 10. காகிதம் மட்டுமே 9 வகை: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, உட்புறம் வெள்ளையான பால் அட்டை, உட்புறம் வெள்ளிப் பூச்சுள்ள அட்டை, சுருள்களின் நடுக்குழல், காகிதக் குவளை என்று போகும் அந்தப் பட்டியல். ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஒரு பலகை. இந்தப் பொருள் எந்த ஊருக்குப் போகிறது, அங்கு என்னவாக மாறுகிறது, ஊருக்கு இதில் கிலோவுக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று அதில் எழுதியிருக்கும். நான் அறிந்த கழிவு ஏற்பாடுகளில் மக்களிடம் கணக்கை இவ்வளவு நேராக ஒப்படைத்தது இதுவே. கழுவாத ஒரு பாட்டில் எந்தத் தொட்டிக்குப் போகும், அதனால் ஊருக்கு என்ன செலவு என்பதை அதைக் கையில் வைத்திருப்பவரே படித்துக்கொள்ளலாம்.

2003 செப்டம்பரில், ஜப்பானிலேயே முதலாவதாக, 2020க்குள் எரிப்பையும் புதைப்பையும் ஒழிப்பதென்று ஊர் அறிவித்தது. அந்த ஆண்டு அமெரிக்க வேதியியல் பேராசிரியர் பால் கானெட் அங்கு வந்து பேசியது இதற்குத் தூண்டுதல். அறிவிப்பைத் தினசரி வேலையாக்க 2005இல் ஸீரோ வேஸ்ட் அகாடமி என்ற இலாபநோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நிலையத்தில் ஆள் நிறுத்துவது, வந்தவருக்குச் சொல்லித் தருவது, வேண்டாத பொருளை வைத்துவிட்டு வேண்டியதை இலவசமாக எடுத்துச் செல்லும் 'குரு குரு' கடையை நடத்துவது, கழிவைக் குறைக்கும் கடைகளுக்குச் சான்றளிப்பது ஆகியவை அதன் பணிகளாயின.

அமைப்பை நடத்தியவர்களின் சுமையை அளக்க மக்கள்தொகையைத்தான் பார்க்க வேண்டும். 2005இல் 1,955 பேர், 2010இல் 1,783, 2015இல் 1,545, 2020இல் 1,380. அமைப்பு தொடங்கிய 15 ஆண்டுகளில் 575 பேர், அதாவது 29.4 சதவீதம் குறைந்தனர். எஞ்சியோரில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். கற்பிக்க வேண்டிய வகைகள் 34இலிருந்து 45 ஆகக் கூடிய அதே காலத்தில், கற்றுச் செய்ய வேண்டிய கைகள் குறைந்தன, மூப்பும் அடைந்தன. தலைமைக்கு வெளியூர் இளைஞர்களே வந்தார்கள். 2015இல் தலைவரான அகிரா சகானோ அவர்களுள் ஒருவர். 2019 டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டின் 7 இணைத்தலைவர்களில் அவரும் இருந்தார். ஈராயிரத்துக்கும் குறைவானோர் வாழும் ஊரின் குப்பை நிலையத்திலிருந்து அந்த மேடைக்குச் சென்றதைப் பெருமையோடுதான் பதிவு செய்கிறேன்.

விளைவு என்ன? 2016இல் மறுசுழற்சி விகிதம் 81 சதவீதம். அதே காலத்தில் ஜப்பான் சராசரி சுமார் 20 சதவீதம். விகிதத்தைவிட எடை தெளிவாகப் பேசும். ஊரின் ஆண்டுக் கழிவைத் தோராயமாக 300 டன் என்று கொண்டால், 1,380 பேருக்கு வகுக்கும்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 596 கிராம். இதில் மறுசுழற்சிக்குப் போகாதது 20 சதவீதம் எனில், 119 கிராம். 2020 நிதியாண்டில் ஜப்பானின் சராசரி 901 கிராம். அதில் 80 சதவீதம், அதாவது 721 கிராம், மறுசுழற்சிக்குப் போகவில்லை. வித்தியாசம் 6 மடங்கு.

இந்த ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. கமிகாட்சுவில் சமையலறைக் கழிவு வீட்டிலேயே உரமாகிறது. இதற்கான மின்கருவிக்கு உள்ளாட்சி மானியம் தந்தது; குடும்பத்தின் பங்கு 10,000 யென். எனவே அந்த ஈரக் கழிவு நிலையத்தின் தராசில் ஏறுவதே இல்லை. மற்ற ஊர்களில் அது எரியுலைக்குப் போகும் எடையில் சேர்கிறது. 6 மடங்கில் ஒரு பகுதி இந்தக் கருவியின் பங்கு. அதுவும் சாதனைதான், ஆனால் 45 தொட்டிகளின் சாதனை அல்ல.

2020 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. எஞ்சிய 20 சதவீதத்தில் இருப்பவை அணையாடைகள், சுகாதாரத் துணிகள், பிவிசி, ரப்பர், தோல், ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுப் பிரிக்க முடியாத பொருள்கள். 46ஆவது தொட்டி வைத்தாலும் இவற்றை வாங்கிக்கொள்ள ஆலை வேண்டும்; ஆலை இருக்க வேண்டுமானால் பொருளே வேறு விதமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டார் கழுவி, காயவைத்து, வகைபிரிக்கும் உழைப்பால் எட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 80 சதவீதம் என்பதே இந்த 17 ஆண்டுக் கணக்கிலிருந்து நான் எடுக்கும் முடிவு. மீதிப் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 நிதியாண்டில் ஜப்பானின் நகர்ப்புறக் கழிவு 4 கோடியே 16.7 லட்சம் டன். கமிகாட்சுவின் 300 டன் அதில் 0.0007 சதவீதம். நாட்டில் இயங்கிய எரியுலை நிலையங்கள் ஆயிரத்துக்கு மேல். ஆனாலும் அதே 2020இல், ஊர்மக்கள் கொடுத்த சுமார் 700 பழைய சன்னல், கதவுச் சட்டங்களைக் கொண்டு, மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவில் தெரியும் புதிய கழிவு மையம் ஹிபிகதானியில் திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்த விடுதியில் 4 அறைகள். தங்குபவர் கிளம்பும்முன் தம் கழிவை வகைவாரியாகத் தாமே பிரித்துப் போட வேண்டும்.