மூடிய கோப்பினுள் உறையும் உழைப்பு: ‘டூம்’ விளையாட்டின் விம்பமும் அசைவும் ஒலியும்

ஒரு படைப்பினை ஆராயப் புகுவோர் முதற்கண் அதன் மூலத்தை அடைதல் வேண்டும். சுவடியைப் பாராது பாடபேதம் பேசுதல் எவ்வாறு இயலாதோ, அவ்வாறே கோப்பினைத் திறவாது கணனி விளையாட்டின் ஆக்கமுறையைப் பேசுதலும் இயலாது. திரையில் நாம் காண்பது கணத்தில் தோன்றி மறையும் விளைபொருள். அதனை ஆக்கியோரின் கைவண்ணம் கோப்புகளுள் எண்களாக உறைந்து கிடக்கின்றது. அவ்வெண்களினின்று விம்பங்களையும் அசைவுகளையும் ஒலிகளையும் பிரித்தெடுத்தலை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவாருளர். அது வாசிப்பின் முன்நிபந்தனை என்பதே நமது கருத்தாகும். இதனை நிறுவ, ஐக்கிய அமெரிக்காவில் ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனத்தினர் 1993 டிசம்பரில் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டினை உதாரணமாகக் கொள்வோம்.

‘டூம்’ இரு கூறுகளாக அமைந்தது. ஒன்று, விளையாட்டினை இயக்கும் நிரல். மற்றையது, ‘வாட்’ எனப்படும் தரவுக்கோப்பு. இக்கோப்பின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. முதற் பன்னிரண்டு பைற்றுகள் தலைப்பாகும். அவற்றுள் முதல் நான்கு கோப்பின் வகையினையும், அடுத்த நான்கு உள்ளிருக்கும் உருப்படிகளின் தொகையினையும், இறுதி நான்கு பொருளடக்கம் தொடங்கும் இடத்தினையும் குறிக்கும். பொருளடக்கத்தில் ஒவ்வோர் உருப்படிக்கும் பதினாறு பைற்றுகள் உள: இருப்பிடம் நான்கு, அளவு நான்கு, பெயர் எட்டு. இவ்வளவினை அறிந்த ஒருவர் எந்த உருப்படியையும் தனியே வெட்டியெடுக்கலாம்.

ஆயினும், வெட்டியெடுத்தது உடனே படமாகிவிடுவதில்லை. விம்பத்தின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையான ஓர் எண் மட்டுமே. அவ்வெண்ணுக்குரிய நிறம் வேறோர் உருப்படியான நிறத்தட்டில் உள்ளது. அதில் பதினான்கு தட்டுகள் உள; ஒவ்வொன்றும் 256 நிறங்களைக் கொண்டது. முதலாவது வழமையானது; ஏனையவை காயமுறும்போது திரை சிவப்பதற்கும், பொருளொன்றைப் பெறும்போது பொன்னிறமாவதற்கும், பாதுகாப்பு உடையணியும்போது பச்சையாவதற்கும் உரியவை. எனவே நிறத்தட்டினைத் தவறவிட்டவருக்குக் கிடைப்பது நிறமற்ற எண்களின் கூட்டமே.

விம்பங்கள் கிடைவரிசையாகவன்றி நிரல்நிரலாக, மேலிருந்து கீழாகச் சேமிக்கப்பட்டுள்ளமையும் கவனிக்கத்தக்கது. சுவரையும் உருவங்களையும் நிலைக்குத்துக் கீற்றுகளாகத் திரையில் வரைவதே இவ்வியக்கியின் முறை; அன்றைய கணனிகளின் வேகத்துக்கு அது ஏற்புடையதாயிற்று. உருவத்தின் புறத்தேயுள்ள வெற்றிடம் சேமிக்கப்படுவதில்லை. புள்ளிகள் எங்கே தொடங்கி எத்தனை நீள்கின்றன என்பது மட்டுமே குறிக்கப்படுகின்றது. இவ்வாறு பொருளாதாரத் தேவை ஒன்று சேமிப்பின் வடிவத்தையே நிர்ணயித்தது. பிரித்தெடுப்போர் மறக்கக்கூடாத வேறொன்றும் உண்டு. அகலம் 320, உயரம் 200 புள்ளிகள் கொண்ட காட்சி, நான்குக்கு மூன்று என்னும் விகிதமுடைய திரையை நிறைத்தது. ஆதலின் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் உயரம் மிக்கதாகத் தோன்றியது. இன்றைய சதுரப் புள்ளித் திரையில் அவ்வாறே வைத்தால் உருவங்கள் குறுகிக் குள்ளமாகும்.

உருவங்களின் பெயரிடலும் ஒரு மொழியே. முதல் நான்கு எழுத்துகள் உருவத்தையும், ஐந்தாவது அசைவின் படிநிலையையும், ஆறாவதான எண் பார்க்கும் கோணத்தையும் உணர்த்தும். எட்டுக் கோணங்கள் வேண்டியபோதும், வலப்புறத்தை இடப்புறமாகத் திருப்பிப் பயன்படுத்தினால் ஐந்து படங்களே போதும். இவற்றின் பின்னே மனிதரின் உழைப்பு நிற்கின்றது. ஓவியர் ஏட்ரியன் கார்மக் சில உருவங்களைக் களிமண்ணால் வனைந்தார். கிறெகர் புன்சட்ஸ் வேறு சில மாதிரிகளைச் செய்தளித்தார். அவை ஒளிப்படக் கருவியால் பல கோணங்களிலிருந்தும் பதியப்பட்டுக் கணனியிற் செம்மையாக்கப்பட்டன. களிமண்ணின் ஒளிநிழலைப் பிரித்தெடுத்த விம்பத்தில் இன்றும் காணலாம்.

எனினும், படங்களைச் சேர்த்தமட்டில் அசைவு பிறந்துவிடாது. எப்படத்தின் பின் எப்படம், எவ்வளவு நேரம் என்னும் ஒழுங்கு தரவுக்கோப்பில் இல்லை. அது இயக்குநிரலினுள் இருந்தது. ஒரு விநாடியை முப்பத்தைந்து கணங்களாக அவ்விளையாட்டு பகுத்தது. ‘இம்ப்’ என்னும் பகையுரு நடக்கையில் நான்கு படங்களும் ஒவ்வொன்றும் இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று கணம் தோன்றுகின்றன. மொத்தம் இருபத்துநான்கு கணம். அஃதாவது முக்கால் விநாடிக்கும் சற்றுக் குறைவு. இக்கணக்கினைப் பின்னர் எவரும் நேரே படிக்க வழிசெய்தவர் நிரலாளர் ஜோன் கார்மக். 1997 டிசம்பரில் மூலநிரல் வெளியிடப்பட்டது. 1999இல் அது பொதுமை உரிமத்தின் கீழ் வந்தது.

ஒலியிலும் இவ்வேறுபாடு உண்டு. துப்பாக்கிச் சத்தம் முதலியன பெரும்பாலும் விநாடிக்கு 11,025 மாதிரிகளாக, மாதிரிக்கு ஒரு பைற்றாகப் பதிந்தவை. எட்டுப் பைற்றுத் தலைப்பினை விலக்கினால் எளிதிற் கேட்கலாம். பொபி பிரின்ஸ் அமைத்த இசையோ ஒலிப்பதிவன்று. இச்சுரத்தை இக்கருவியில் இவ்வளவு நேரம் வாசி என்னும் கட்டளைத் தொடரே. அதனை ஒலியாக்குவது ஒலியட்டையின் பணி. ஆதலின் ஒரே இசை வெவ்வேறு கணனிகளில் வெவ்வேறாக ஒலித்தது. ‘மூலவொலி’ ஒன்றே என வாதிடுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இனி உரிமை பற்றிய வினா எழுகின்றது. நிரல் பொதுமையானபோதும் விம்பமும் இசையும் பொதுமையாகவில்லை. ஆராய்வதற்காகப் பிரித்தெடுத்தல் வேறு, பிறருக்குப் பரப்புதல் வேறு. சிலரின் கைகளால் ஆன அப்படைப்பு, நிறுவனம் கைமாறியதனால் 2009இல் ஸெனிமக்ஸின் உடைமையாயிற்று; 2021இல் மைக்ரோசொஃப்ட் ஸெனிமக்ஸையே வாங்கியது. இத்தடையை மீறாமலே கடந்தோரும் உளர். ‘ஃபிரீடூம்’ என்னும் கூட்டுமுயற்சியில் தன்னார்வலர் ஒவ்வோர் உருவத்தையும் ஒலியையும் புதிதாக ஆக்கி, எவரும் பயன்படுத்தத் தந்துள்ளனர். பழைய கோப்பின் அமைப்பினைக் கற்றிராவிடின் இது கைகூடியிராது.

மறுபுறத்தை நோக்குவோம். 2014இல் யுபிசொஃப்ட் வெளியிட்ட ‘த குறூ’ என்னும் விளையாட்டு, 2024 மார்ச்சில் அந்நிறுவனத்தின் சேவையகங்கள் நிறுத்தப்பட்டதும் விலைகொடுத்து வாங்கியோராலும் விளையாட முடியாததாயிற்று. ‘டூம்’ முப்பதாண்டு கடந்தும் வாசிக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டினைத் தொழில்நுட்ப வளர்ச்சி விளக்காது. திறந்த அமைப்பும், அதனைப் பொறுமையுடன் கற்ற மக்களுமே விளக்குவர். உழைப்பின் விளைவினை அடுத்த தலைமுறை படிக்க வேண்டுமாயின், அதனைத் திறக்கும் அறிவும் சமூகத்தின் பொதுச்சொத்தாதல் வேண்டும்.