குரங்கணி காட்டுத்தீ

குரங்கணி காட்டுத்தீ என்பது 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகேயுள்ள குரங்கணி மலையில் நிகழ்ந்த தீ விபத்து ஆகும். வார இறுதியில் மலையேற்றம் சென்று இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இத்தீயில் சிக்கினர். மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் வருவதற்கு இந்நிகழ்வு காரணமாக அமைந்தது.

அமைவிடம்

குரங்கணி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். இதற்கு மேலே தமிழக–கேரள எல்லையை ஒட்டி டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை ஆகிய இடங்கள் உள்ளன. ஆங்கிலேயர் காலத்தில் மூணாறுப் பகுதியின் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் மூலம் இந்த மலையடிவாரத்திற்கு இறக்கப்பட்டது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்கு ஜீப்பில் செல்லக் கேரளத்தின் சூரியநெல்லி வழியே பாதை உண்டு. குரங்கணியிலிருந்து செல்வோர் காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும்.

நிகழ்வு

சென்னையிலிருந்து ஒரு குழுவினரும், திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவினரும் வந்திருந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்களும் பலர் இருந்தனர். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கும்போது தீ சூழ்ந்துகொண்டது. கோடையின் தொடக்கத்தில் ஆள் உயரப் புல் காய்ந்து கிடந்தது. காற்றும் பலமாக வீசியது. வழி தெரியாமல் பலர் சிதறி ஓடினர்; சிலர் பள்ளங்களில் விழுந்தனர்.

முதலில் உதவிக்கு வந்தவர்கள் உள்ளூர் மக்களே. அவர்களும் வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறையினரும் காயமடைந்தவர்களைத் துணியிலும் டோலியிலும் தூக்கிக்கொண்டு இருட்டில் மலையிறங்கினர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்பில் ஈடுபட்டன. காயமடைந்தோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடுமையான தீக்காயம் அடைந்த பலர் அடுத்தடுத்த நாள்களிலும் வாரங்களிலும் இறந்தனர்.

மலைச்சரிவில் தீ விரைவதன் காரணம்

சமவெளியில் தீயின் சுவாலை மேல்நோக்கி எழும். சரிவில் அதே சுவாலை மேட்டுப் பக்கம் உள்ள புல்லை நெருங்கி நிற்கும். எழும் வெப்பக் காற்றும் அப்புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கும். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ வல்லுநர்கள் கையாளும் கணக்கு. மனிதருக்கோ மேடு ஏறும்போது வேகம் குறையும். ஆகவே தீயைவிட வேகமாக மேல்நோக்கி ஓடித் தப்புவது அரிது. இரு மேடுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளம் புகைபோக்கி போல் வெப்பத்தை இழுப்பதால் அதுவும் ஆபத்தானது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1949 ஆகஸ்ட் 5 அன்று மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் இதே போன்ற புல்வெளிச் சரிவில் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் உள்ளிட்ட 13 பேர் இறந்தனர். அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ், தன் முன்னே இருந்த புல்லைத் தானே கொளுத்தி, எரிந்து முடிந்த சாம்பல் தரையில் படுத்து உயிர் தப்பினார். எரிவதற்குப் பொருள் இல்லாத இடமே பாதுகாப்பானது என்பதை இது காட்டுகிறது. வெறும் பாறை, நீரோடை, முன்பே எரிந்துபோன நிலம் ஆகியவை அத்தகைய இடங்கள்.

பின்விளைவுகள்

நிகழ்வு குறித்து விசாரிக்கத் தமிழக அரசு மூத்த இ.ஆ.ப. அதிகாரி அதுல்ய மிஸ்ராவை நியமித்தது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதைக்கே அனுமதி உண்டு, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வெளியிடப்பட்டன. வனத்துறையின் முன் அனுமதி இதனால் கட்டாயமாயிற்று.

2024 அக்டோபரில் தமிழக அரசு இணையவழிப் பதிவுடன் கூடிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என வகைப்படுத்தப்பட்டு, உள்ளூர் வழிகாட்டிகளுடன் பயணம் நடைபெறுகிறது. இவ்வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் உள்ளனர். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பாதைகள் மூடப்படுகின்றன. குரங்கணியில் தீ பரவிய மார்ச் 11 இந்தக் காலத்திற்குள் அடங்கும்.