பவர் பேங்க்: படத்தைப் பார்த்து வாங்கலாம், எண்ணைப் பார்த்தே பயணம்

வண்ண மண்டையோடு, கத்தரித்த காகிதத் தோரணம், செண்டுமல்லி என மெக்சிகோ நாட்டுப்புறக் கலை இன்று கைப்பேசி பவர் பேங்க்கின் மேலும் வந்துவிட்டது. நவம்பர் 1, 2ஆம் தேதிகளில் அந்நாட்டினர் இறந்தோரை நினைத்துக் கொண்டாடும் விழாவின் அடையாளங்கள் இவை. நாம் மாலை தொடுக்கும் செண்டுமல்லிக்கும் பூர்வீகம் மெக்சிகோதான்.

ஆனால், பாரிட் புந்தாரிலிருந்து பினாங்கு விமான நிலையம் வழி சென்னை செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது பின்புறம் அச்சிட்ட எண்ணை.

பவர் பேங்க்கில் இருப்பது லித்தியம் மின்கலம். பழுதானால் தீப்பிடிக்கும். 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் எரிந்ததற்கு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என விசாரணையில் கூறப்பட்டது. அதன்பின், மலேசியா ஏர்லைன்ஸ் உட்பட பல நிறுவனங்கள் பயணத்தின்போது அதைப் பயன்படுத்தத் தடை விதித்தன.

கணக்கு எளிது. மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட் மணி. பொதுவாக 100 வரை கைப்பையில் கொண்டு செல்லலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது.

அலங்கார ஒட்டுப்படம் எண்ணை மறைத்தால் சோதனையில் சிக்கல் வரலாம். வீங்கிய பவர் பேங்க்கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பயன்படுத்த வேண்டாம்.