லயத்துக் கால்வாயும் ஆற்றின் கிளையே

மழை பெய்து ஓய்ந்த மாலை நேரத்தில் ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் லயத்தின் பின்புறக் கால்வாய் கலங்கி ஓடுவதைக் காணலாம். அந்த நீர் எங்கே செல்கின்றது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறு கால்வாய் பெருங் கால்வாயில் சேர்கின்றது. பெருங் கால்வாய் கடலோர அணைக்கரையிலுள்ள நீர்க்கதவை அடைகின்றது. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே புகாதவாறு கதவு மூடப்படும். கடல் வற்றும்போது திறக்கப்படும். ஆகவே தோட்டத்து அழுக்கு சில மணி நேரம் தேங்கிக் கிடந்து, பின் ஒரே வீச்சில் கரையோரச் சேற்றில் இறங்குகின்றது. சந்தையில் நாம் விரும்பி வாங்கும் கெராங் அத்தகைய சேற்றில்தான் வளர்கின்றது. அது நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பொருள்களை வடித்து உண்ணும் உயிர். நீரில் நஞ்சிருந்தால் அதன் உடலிலும் நஞ்சு சேரும்.

மழைநீர் சரிந்தோடி ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்பு முழுவதையும் அவ்வாற்றின் வடிநிலம் என்பர். ஜெராமுக்கு வடக்கே கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கும் சிலாங்கூர் ஆறு, தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து கோலகுபு பாரு வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி வருகின்றது. பத்தாங் காலி, செரண்டா, ரவாங் பக்கத்து ஓடைகளும் எத்தனையோ தோட்டங்களின் கால்வாய்களும் இதில் கலக்கின்றன. சிலாங்கூர் மாநிலத்தில் பெரும்பகுதியும் கோலாலம்பூரும் குடிப்பது இந்த ஆற்று நீரையே. நம் மூத்தோர் பத்தாங் பெர்ஜுந்தை என்றழைத்த பெஸ்தாரி ஜெயாவில் இந்நீரைத் தூய்மைப்படுத்தும் பெரிய நிலையங்கள் உள்ளன.

2020 செப்டம்பர் 3ஆம் நாள் ரவாங் பகுதியிலுள்ள கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்தமையால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குதாரர்கள் நீரின்றித் தவித்தனர். அச்சிற்றாற்றின் பெயரையே அன்றுதான் பலர் கேள்வியுற்றனர்!

மாசு யாவற்றையும் சுத்திகரிப்பு நிலையம் நீக்கிவிடும் என்று நம்புவது தவறு. சேற்றைப் படிகாரம் தெளிய வைக்கும்; கிருமிகளைக் குளோரின் கொல்லும். அம்மோனியாவோ குளோரினைத் தானே பற்றிக்கொண்டு கிருமிகளின் பக்கம் போக விடாது. அதன் அளவு மிகுந்தால் நிலையத்தை நிறுத்த வேண்டியதுதான். பால் உறையாதிருக்க அம்மோனியா ஊற்றும் தோழர்களுக்கு அதன் நெடியைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. பால் பதனிடும் ஆலைக் கழிவிலும், மாட்டுச் சாணத்திலும், மலக்கழிவிலும், மழையில் கரைந்தோடும் யூரியா உரத்திலும் அது உண்டு.

ஆலைக் கழிவில் வேறொரு கேடும் உள்ளது. அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன. சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டர் ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயுவை ஈர்க்க வல்லது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆற்றில் விடும் செம்பனைக் கழிவுக்கு 5,000 மில்லிகிராம் எனத் தொடங்கிய வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆயிற்று. ஆலைகளின் அருகே வரிசையாகக் காணும் கழிவுக் குளங்கள் இதற்காக வெட்டப்பட்டவையே.

ஆலைக்குக் குளமுண்டு, தோட்டத்து நிரைகளுக்குக் குளமில்லை. உரமும் களைக்கொல்லியும் நேரே கால்வாய்க்குத்தான் வரும். வானம் இருண்டிருக்கையில் உரம் போடுவது உரத்தை ஆற்றுக்குப் போடுவதாகும். ரப்பர்க் கன்றுகளிடையே மூடுபயிர்க் கொடிகள் படர்ந்திருந்தால் மண் அரிப்பு பெரிதும் குறையும். கால்வாய்க் கரையில் புல்லை முற்றாகக் கருக்காமல் சற்று விட்டுவைத்தால், அது மண்ணையும் உரத்தையும் தடுத்து நிறுத்தும்.

மருந்து அடித்து முடித்ததும் பம்பைக் கால்வாயில் கழுவும் வழக்கத்தை அறவே விட வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளும் நஞ்சுகளே. வெறுமையான மருந்துக் கலனை மூன்று முறை நீர்விட்டு அலசி, அந்த நீரைப் பம்பிலேயே ஊற்றிக் களைமீது அடித்துவிடலாம். பின்னர்க் கலனின் அடியில் துளையிட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். துளையிடாத கலன், வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரமாகிவிடுவதை நாம் பார்த்திருக்கின்றோம்.